எழுத்தறிவு எத்தனை வகை? செங்கற்பட்டுச் சீமை காட்டும் சான்றுகள்

நம் சங்கத்து அங்கத்தினர்களில் பலர் தம் மக்களைப் பட்டப் படிப்பு வரையில் கொண்டு செலுத்தியிருக்கின்றனர். அது மகிழத்தக்கதே. ஆயினும், பட்டம் பெற்ற அம்மக்களிடம் பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், முதல் நான்கு வரிகளிலேயே தடுமாறி நிற்கின்றனர். எழுத்துத் தமிழ்தான், சொல்லும் பெரும்பாலும் தமிழ்தான், பொருள்தான் விளங்குவதில்லை. ஆதலின் எழுத்தறிவு என்பது ஒன்றோ பலவோ என்னும் வினாவை, நாம் வாழும் செங்கற்பட்டுச் சீமையின் சரித்திரத்தைக் கொண்டே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம் என்னும் கடற்கரையூரில் அதிரணசண்டன் குகைக்கோயில் உள்ளது. பல்லவர் அங்கே ஒரே வடமொழிச் சாசனத்தை ஒரு புறம் கிரந்த எழுத்திலும் மற்றொரு புறம் நாகரி எழுத்திலும் வெட்டுவித்தனர். வாசிப்பவர் ஒரு வகையார் அல்லர் என்பதை அக்காலத்து அரசரும் அறிந்திருந்தனர் போலும். பின்னர் அவ்விரு எழுத்தையும் வாசிப்பார் அவ்வூரில் இல்லாதொழிந்தனர். 1772-ஆம் ஆண்டிலும் 1776-ஆம் ஆண்டிலும் மாமல்லபுரம் வந்து பார்த்த வில்லியம் சேம்பர்ஸ் துரை, கற்களில் எழுத்திருப்பதைக் கண்டாரேயன்றி, அதன் பொருளை அறிந்தாரில்லை. 1830-இல் வெளியான தம் கட்டுரையில் பெஞ்சமின் பாபிங்டன் துரை அப்பழைய எழுத்தைப் படித்துக் காட்டிய பின்னரே கற்கள் வாய்திறந்தன. நம் வீட்டு வாயிலில் நின்ற கல்லை நமக்கு வாசித்துக் காட்டப் பிறநாட்டார் ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தல் கூடாது.

அவ்வூரிலேயே அண்மையில் நிகழ்ந்தது இதனினும் வியப்பானது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கரை மணலை அரித்துச் சென்றபோது, பாறையொன்றில் மறைந்திருந்த சாசனம் வெளிப்பட்டது. தொல்லியல் துறையார் அதனை வாசித்தபொழுது, திருவிழ்ச்சில் என்னும் ஊரில் இருந்த சுப்பிரமணியர் கோயிலைப் பற்றிய செய்தி கிடைத்தது. அதனைத் துணையாகக் கொண்டு 2005-இல் அகழ்ந்தபோது, மணலுக்குள்ளிருந்து முருகன் கோயில் ஒன்றின் செங்கல் அடித்தளம் வெளிவந்தது. அலை வந்து மணலை நீக்கியது மெய்யே. எனினும் வாசிக்க வல்லார் இலராயின், அப்பாறை வலை உலர்த்தும் பாறையாகவே இருந்திருக்கும்.

கல்லெழுத்து நிற்க, கணக்கறிவைப் பார்ப்போம். முன்னாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததும் இந்நாளில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளதுமாகிய உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையை எல்லாரும் பாராட்டுவர். நாம் பாராட்டுவது அதிலுள்ள வேறொரு விதியை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனும் அவன் உறவினரும் மறுபடி அப்பதவிக்கு உரியராகார் என்று கல்லிலேயே வெட்டி வைத்தனர். குடத்திலிருந்து எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏந்தி உரக்க வாசிக்க, அங்கிருந்த நம்பிமாரும் வாசிக்கவேண்டும் என்பது மற்றொரு விதி. ஒருவன் வாசித்ததை மற்றவர் சரிபார்ப்பதே அதன் கருத்து. அச்சபையில் இடம்பெற்றோர் வேதமறிந்த நிலவுடைமைக்காரரான அந்தணர் மாத்திரமே. பெண்டிருக்கும் ஏனையோருக்கும் அதில் இடமில்லை. இதையும் சேர்த்துச் சொல்லாது பெருமை மாத்திரம் பேசுதல் சரித்திரமாகாது.

பின்னாளில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் ஊர்தோறும் இருந்தன. மணலில் எழுத்து, பின்பு ஓலையில் எழுத்தாணி, அதனோடு எண்சுவடி. மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று எனப் பின்னங்களைச் சிறுவர் தலைகீழாய் ஒப்பிப்பர். 1822-இல் கவர்னர் தாமஸ் மன்றோ துரை சென்னை ராஜதானி முழுதும் கணக்கெடுப்பித்தபோது, 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் தெரியவந்தனர். அவர்களுள் பெண்கள் 4,540 பேரே. அந்தச் சிறு தொகையைப் படிக்கும்போதெல்லாம், நம் பாட்டிமார் எத்தனை பேர் தம் சீதன நிலத்தின் ஓலையைத் தாமே வாசிக்க முடியாமல் இருந்திருப்பர் என்னும் எண்ணம் எழாமற் போவதில்லை.

நில விஷயத்தில் இவ்வறிவின்மை விளைத்த கேட்டுக்குச் செங்கற்பட்டே பெருஞ்சாட்சி. 1891-இல் இந்த ஜில்லாவின் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் துரை, தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை விடுத்தார். சொற்பக் கடனுக்காகப் படியாட்களாய்க் கட்டுண்டு கிடந்தமையும், குடியிருக்கும் மனையும் தமக்குச் சொந்தமில்லாமையும் அதில் வெளிப்பட்டன. அதன் பயனாக 1892-இல் பிறந்த உத்தரவின்படி அம்மக்களுக்கு வழங்கப்பட்ட நிலங்களே பஞ்சமி நிலங்கள். பத்தாண்டுக்குள் விற்கலாகாது, அதன் பின்னும் அவ்வகுப்பினர்க்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. அதனை வாசிக்கும் திறமோ நிலம் பெற்றவரிடம் பெரும்பாலும் இல்லை. கைந்நாட்டு வாங்கிய பத்திரங்களாலும் கணக்குப் புத்தகத்தில் ஏறிய வேறு பெயர்களாலும் நிலம் பெருவாரியாகக் கைமாறிற்று. அந்நிலங்களை மீட்கக் கோரிக் காரணை ஊரார் நடத்திய கிளர்ச்சியில், 1994 அக்டோபர் 10-ஆம் நாள் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் மாண்டனர். எழுத்து வாசனை இல்லாமை மாத்திரமே இதற்குக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. வலியவர் கையும் அதில் உண்டு. ஆயினும் வலியவர் கைக்கு வசதியாயிருந்தது எது என்பதை நோக்கவேண்டும்.

கடலோரத்தாருக்கு வேறோர் அறிவு உண்டு. வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றின் பெயரறிந்து, நீரின் நிறம் பார்த்து வலையிடுவோர் ஏடு படியாதவர் என்றாலும் படியாதவர் அல்லர். அவ்வறிவு போதியதாயிருந்த காலமும் கடந்தது. ஆழிப்பேரலைக்குப் பின், 2007 முதல் ஹைதராபாத்திலிருந்து எச்சரிக்கை வருகின்றது. மீன் திரளும் இடமும் அங்கிருந்தே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக வருகின்றது. காற்றை வாசித்த கிழவர் பேரனிடம் எண்ணை வாசிக்கச் சொல்லிக் கேட்கின்றார். பேரனோ காற்றைக் கேட்டு அறிந்துகொள்வதில்லை. இருவரிடமும் பாதிப் பாதியாக நிற்கின்றது அறிவு.

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். ஏழு வயதுக்கு மேற்பட்டு, ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவரே அக்கணக்கில் எழுத்தறிந்தவர். வங்கியிலிருந்து வந்ததாகச் சொல்லி இரகசிய எண்ணைக் கேட்பவனிடம் அதனைச் சொல்லிவிட்டுப் பணமிழந்தவரும் அந்த எண்பதிலேயே அடங்குவர்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கருதுவாராக. பழைய பத்திரத்தில் காணி என்றிருக்கும். அதற்குப் பிந்தியதில் ஏக்கர், செண்டு என்றிருக்கும். இந்நாளைய பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். நம் சீமையில் காணி என்பது 24 மனை. மனை ஒன்றுக்கு 2,400 சதுர அடியாக 57,600 சதுர அடி. ஏக்கரில் 1 ஏக்கர் 32 செண்டு. இந்நாளைய பட்டாவில் ஏறத்தாழ 53½ ஏர். காணியும் ஏக்கரும் ஒன்றென்று எண்ணிக் கையெழுத்திடுபவர், காணி ஒன்றுக்கு 32 செண்டை அறியாமலே கொடுத்துவிடுகின்றார். வீட்டுப் பெட்டியிலுள்ள பத்திரத்தை எடுத்து, நான்கெல்லையையும் சர்வே நம்பரையும் விஸ்தீரணத்தையும் இந்நாளைய பட்டாவோடு ஒப்பிட்டுப் பார்த்தல் ஒரு மாலைப்பொழுதின் வேலையே. வீட்டிலுள்ள பெண்மக்களையும் உடன் உட்காரவைத்து வாசித்தல் வேண்டும். சொத்தில் அவர்களுக்கும் பங்குண்டு.