விட்டுப்போன பாதி விடை

எண்பதுகளில் நடந்தது. பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு தேர்வு வைத்திருந்தேன். அதில் ஒரு கணக்கு: 1/எக்ஸ் < 2 என்றால் எக்ஸ் எந்தெந்த மதிப்புகளைப் பெறலாம்? எல்லோரும் குறுக்கே பெருக்கி 1 < 2எக்ஸ், ஆகவே எக்ஸ் > 1/2 என்று முடித்திருந்தார்கள். நான் எழுதி வைத்திருந்த விடையும் அதுதான். ஒரே ஒரு பையன் மட்டும் ‘எக்ஸ் > 1/2 அல்லது எக்ஸ் < 0’ என்று எழுதியிருந்தான். பின்பாதியைச் சிவப்பு மையால் அடித்து ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று எழுந்து நின்றான். “சார், எக்ஸுக்கு மைனஸ் ஒன்று போட்டுப் பாருங்க சார்.”

“உட்காருடா, எனக்கே சொல்லிக்கொடுக்க வந்துட்டான்” என்றேன். வகுப்பே சிரித்தது.

அன்று இரவு வீட்டில் போட்டுப் பார்த்தேன். 1ஐ -1ஆல் வகுத்தால் -1. அது 2ஐ விடச் சிறியதுதானே! பகுதியில் இருக்கும் எக்ஸ் மிகை எண்தான் என்று நானாக நினைத்துக்கொண்டு பெருக்கியிருக்கிறேன். குறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பிவிடும். 100 ரூபாய் வைத்திருப்பவன் 50 ரூபாய்க்காரனை விட மேலே. 100 ரூபாய் கடன் பட்டவனோ 50 ரூபாய் கடன்காரனை விடக் கீழே. குறை எண்ணைக் கடன் என்றே சொல்லி, 628லேயே பிரம்மகுப்தர் விதிகள் வகுத்திருக்கிறார்.

எக்ஸின் குறி தெரியாதபோது அதன் வர்க்கத்தால் பெருக்குவதே பத்திரம். வர்க்கம் ஒருபோதும் குறை எண் ஆகாது. அப்படிப் பெருக்கி ஒரு பக்கமாகக் கொண்டுவந்தால், எக்ஸ், (2எக்ஸ் - 1) ஆகிய இரண்டின் பெருக்கற்பலன் 0ஐ விடப் பெரிது என்று வரும். இரண்டும் மிகையானால் எக்ஸ் 1/2க்கு மேல். இரண்டும் குறையானால் 0க்குக் கீழ். பையன் எழுதியது அப்படியே சரி.

ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தக் குறிகளின் வரலாற்றைப் படித்தேன். பெரிது சிறிது என்று ஒப்பிடுவது மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், வட்டத்துக்கு உள்ளும் வெளியும் 96 பக்கப் பலகோணங்களை வைத்து, பையின் மதிப்பு 3 10/71க்கு மேல், 3 1/7க்குக் கீழ் என்று நிறுவினார். பின்னங்களால் ஆன அசமன்பாடுதான். ஆனால் அவர் அதைச் சொற்களில்தான் சொன்னார். சமக்குறி 1557இல் ராபர்ட் ரெக்கார்டின் நூலில் வந்தது. <, > இரண்டும் அச்சேறியது 1631இல், தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயரின் இயற்கணித நூலில்.

ஹாரியட் சாதாரண ஆள் இல்லை. 1585இல் அமெரிக்கா போய், அங்குள்ள பழங்குடி மக்களின் மொழியைக் கற்றவர். 1609இல், கலிலியோவுக்குச் சில மாதங்கள் முன்பே, தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து வரைந்தவர். ஆனால் தன் கணிதம் எதையும் அவர் அச்சிடவில்லை. 1621இல் மூக்கில் வந்த புற்றுநோயால் காலமானார். பத்து ஆண்டுகள் கழித்து, வால்டர் வார்னரும் நண்பர்களும் அவருடைய தாள்களிலிருந்து அந்த நூலைத் தொகுத்தார்கள்.

இங்கேதான் என் மனம் நின்றது. ஹாரியட் தன் கையெழுத்துத் தாள்களில் சமன்பாடுகளுக்குக் குறை எண் தீர்வுகளையும் ஏற்று எழுதியிருந்தார். அச்சான நூலில் அவை இல்லை. தொகுத்தவர்கள் விட்டுவிட்டார்கள். எழுதியவர் கேட்க உயிரோடு இல்லை.

என் மாணவன் உயிரோடு எதிரே நின்று கேட்டான். அவனுடைய குறை எண்ணையும் நான் அடித்தேன்.

மறுநாள் அவனை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். “தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டுப் போனான். வகுப்பின் முன்னால் நான் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தது நாற்பது பேர். திருத்தம் தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். இன்றும் உறுத்துவது அதுதான்.

இப்போது பேரனுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது, விடை வந்ததும் நானே கேட்கிறேன்: “மைனஸ் ஒன்று போட்டுப் பார்த்தாயா?”