எதற்குப் பதிலாக சோயா?

முயலுக்கு இறைச்சியும் முட்டையும் பாலும் ஊட்டினால் அதன் ரத்தக் குழாய்கள் தடித்துப்போகின்றன என்று 1908 வாக்கில் ரஷ்யாவில் இக்னாடோவ்ஸ்கி கண்டபோது, பழியை விலங்குப் புரதத்தின் மீதுதான் போட்டார். வெறும் கொலஸ்ட்ராலை எண்ணெயில் கரைத்துக் கொடுத்தாலே குழாய்கள் கெடும் என்று 1913இல் அனிச்கோவ் காட்டியதும் புரதத்தை எல்லோரும் மறந்துபோனார்கள். அந்த வழக்கை 1940களின் தொடக்கத்தில் மீண்டும் திறந்தவர்கள் மீக்கர், கெஸ்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். கொலஸ்ட்ரால் சேர்க்காத தீனியில் பால் புரதமான கேசீனைக் கூட்டிக் கொடுத்த முயல்களுக்குக் குழாய்கள் கெட்டன. சோயா மாவு தின்ற முயல்கள் பெரும்பாலும் தப்பித்தன. அன்றைய அமெரிக்காவில் சோயா என்றால் முதன்மையாக எண்ணெய்தான். மிஞ்சிய புண்ணாக்கு பன்றிக்கும் கோழிக்கும் போனது. அதை மனிதர் உண்ணலாம், உண்டால் ரத்தத்துக்கு நல்லது என்ற பேச்சு வர இன்னும் ஒரு தலைமுறை பிடித்தது.

அந்தப் பேச்சுக்கு வலு சேர்த்தது இத்தாலியின் மிலான் நகரம். கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருக்கும் நோயாளிகள் 20 பேரை மருத்துவமனையில் தங்கவைத்து, சிர்டோரி குழுவினர் சோயா புரத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றே வாரத்தில் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கியது. 1977இல் 'லான்செட்' இதழில் வெளியான இந்த ஆய்வில் ஒப்பிடப்பட்ட மற்ற உணவும் கொழுப்பு குறைந்ததுதான். ஆகவே சோயாவுக்குச் சொந்தச் சரக்கு ஒன்றும் கிடையாது என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டு விவரங்களை மனதில் நிறுத்த வேண்டும். உண்டவர்கள் கடுமையான நோயாளிகள். சோயா வந்தபோது அவர்கள் தட்டிலிருந்து விலங்குப் புரதம் வெளியேறியிருந்தது. சோயாவின் பிற்கால வரலாறு இந்த இரண்டு விவரங்களும் படிப்படியாகத் தொலைந்துபோன வரலாறு என்பேன்.

1995இல் ஆண்டர்சன் குழுவினர் 38 ஆய்வுகளைத் தொகுத்து, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். சராசரியாக 12.9 சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டார்கள். சராசரியைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. மிக உயர்ந்த கொலஸ்ட்ரால் இருந்தவர்களுக்கு எல்.டி.எல். 24 சதவீதம் குறைந்தது. இயல்பான அளவில் இருந்தவர்களிடம் கண்ட மாற்றம் புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. உண்ட அளவும் சராசரியாக நாளொன்றுக்கு 47 கிராம் புரதம். ஆனால் சோயா புரதம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் விண்ணப்பத்தைப் பரிசீலித்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999இல் அனுமதித்த வாசகத்தில் அளவு 25 கிராமாகிவிட்டது. ஒரு வேளைப் பங்கில் 6.25 கிராம் இருந்தாலே பொட்டலத்தில் இதயத்துக்கு நல்லது என்று அச்சிடலாம். நிறைகொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த உணவின் ஒரு பகுதியாக என்ற நிபந்தனை வாசகத்தில் இருந்தது உண்மைதான். வாங்குகிறவர் கண்ணில் பட்டதோ சோயாவும் இதயமும் மட்டுமே. 2006இல் அமெரிக்க இதய சங்கம் 22 ஆய்வுகளை எடைபோட்டபோது எல்.டி.எல். குறைவு வெறும் 3 சதவீத அளவில் வந்து நின்றது. அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்று 2017இல் அந்த நிர்வாகமே முன்மொழிந்தது.

சோயாவின் ஆதரவாளர்களிடம் வலுவான பதில் ஒன்று உண்டு. பீட்டா கான்கிளிசினின் என்ற சோயா புரதம், கல்லீரல் செல்கள் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளைப் பெருக்குவதாகச் சோதனைக்கூட ஆய்வுகள் காட்டுகின்றன. கேசீனுக்குப் பதில் சோயா தின்ற எலிகளின் கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியை முடுக்கும் எஸ்.ஆர்.இ.பி.பி.-1 என்ற புரதம் மட்டுப்படுகிறது, கல்லீரலில் கொழுப்பு தேங்குவதும் குறைகிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. செயல்முறை இருப்பது வேறு, அதன் அளவு வேறு. டொரான்டோவின் ஜென்கின்ஸ் குழு 2010இல் இரண்டு விளைவுகளைப் பிரித்தே கணக்கிட்டது: சோயாவின் சொந்த விளைவு 4.3 சதவீதம், சோயா வந்ததால் விலங்கு உணவு விலகியதன் விளைவு 3.6 முதல் 6 சதவீதம் வரை. ஆதாயத்தில் ஏறக்குறைய பாதி, தட்டைவிட்டுப் போன பொருளால் வந்தது. அதே குழு 2003இல் சோயா, பாதாம், நார்ச்சத்து, தாவர ஸ்டெரால் எல்லாவற்றையும் ஒரே உணவுத் திட்டத்தில் சேர்த்தபோது எல்.டி.எல். 28.6 சதவீதம் இறங்கி, ஸ்டாட்டின் மாத்திரைக்கு அருகில் போய் நின்றது. உடல் பருமனில் நிலைமை இன்னும் எளிது: மொத்தக் கலோரி ஒன்றாக இருக்கும்போது சோயா புரதம் மற்றப் புரதங்களைவிட எடையை அதிகம் குறைப்பதாக உறுதியான சான்று இல்லை.

நம் அடுப்பங்கரைக்கு இந்தச் சோயா வந்தது மீல்மேக்கராக. எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்தமும் சூடும் கொடுத்து எந்திரத்தின் துளை வழியே தள்ளும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகப் பீறிட்டு, உருண்டை பஞ்சுபோல் பொரிந்து வருகிறது. 100 கிராமில் பாதி புரதம், கொழுப்போ ஒரு கிராம் அளவில்தான். அமெரிக்க வாசகத்தின் 25 கிராமை எட்ட 50 கிராம் உருண்டை போதும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கறி எடுக்கும் வீட்டில், மீல்மேக்கர் பெரும்பாலும் இடம் பிடிப்பது பருப்பிடமிருந்தோ சுண்டலிடமிருந்தோ. அங்கே மாற்றீட்டு ஆதாயம் கிடையாது. எண்ணெயில் பொரித்த மீல்மேக்கர் 65 என்றால் கணக்கே தலைகீழ். தினமும் ஆட்டுக்கறி உண்பவர் அதில் பாதியைக் குறைத்து மீல்மேக்கர் குழம்பு வைத்தால் மிலானின் பலனில் ஒரு சிறு பங்காவது அவருக்குக் கிடைக்கலாம். பிரியாணிக்குப் பக்கத்தில் கூடுதலாக வைத்துக்கொள்பவருக்கு அதுவும் கிடைக்காது.