ஜொனி ஏன் சாகணும்?

நாவலப்பிட்டியில் ஆடி மழை பிடித்தால் இலேசில் விடாது. அப்படியொரு மழையில்தான், கண்டியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலைத் தங்கச்சி மகளிடம் கொடுத்தேன். ஓ.எல். எழுதப் போகிற பிள்ளை. மறுவாரம் லயத்துக்குப் போனபோது கண் சிவந்து நின்றாள்.

“மாமா, ஜொனி ஏன் சாகணும்? எழுதின ஆளுக்கு மனசே இல்லயா?”

எழுதியவள் உன் வயதுப் பிள்ளைதான் என்றேன். நம்பவில்லை.

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரம். பள்ளிப் பிள்ளைகள் அங்கே இரண்டு கட்சி. வசதியுள்ளவர்கள் ‘சோஷ்’, தலையில் எண்ணெய் வழியத் திரியும் ஏழைப் பையன்கள் ‘கிரீசர்’. கிரீசர் என்பதற்காகவே ஒரு பையனை வீடு திரும்பும் வழியில் அடித்துப் போட்டார்கள். அவனுடைய தோழி சூசன் ஹின்டன் அந்தக் கோபத்தோடு எழுத உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு 15 வயது. தான் கண்ட வாழ்க்கை எந்தப் புத்தகத்திலும் இல்லை என்ற ஆற்றாமையும் சேர்ந்துகொண்டது.

எழுதிக்கொண்டிருந்த நாட்களில்தான் அவள் அப்பா மூளைக் கட்டியால் இறந்தார். கதை சொல்லும் போனிபாய்க்கு 14 வயது, தாய் தகப்பன் இல்லை. அந்தப் பாரம் கற்பனையில் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1967இல் வைக்கிங் பதிப்பகம் வெளியிட்டது. பெண் எழுதியது என்றால் விமர்சகர்கள் ஒதுக்குவார்கள் என்று ‘எஸ். இ. ஹின்டன்’ ஆக்கினார்கள். ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. இளையோர் நாவல் என்று இன்று தனித் தட்டில் அடுக்கும் வகை இதிலிருந்தே வேர்விட்டது என்பார்கள். முன்னோடிகள் உண்டு, ஆனாலும் எனக்கும் அதே எண்ணம்தான்.

சாயங்காலம் தங்கச்சி கொழுந்து நிறுத்துவிட்டு நனைந்து வந்தாள். மகள் கதையைச் சொன்னாள். சோஷ் டவுன் பொடியன்களானார்கள். ஜொனி மேல்கணக்கு லயத்துப் பையனானான். அவன் பிள்ளைகளைக் காப்பாற்றப் பாய்ந்த, தீப்பிடித்த தேவாலயம் பிள்ளைமடுவமாக மாறியது. தகரத்தில் மழை இரைந்ததால் கத்தித்தான் சொன்னாள்.

தங்கச்சி இடையில் கேட்டாள்: “ஆசுபத்திரியில அவன அம்மா வந்து பாத்தாளா?”

“வந்தாம்மா. அவந்தான் பாக்க மாட்டேன்னுட்டான்.”

தங்கச்சி தலைத்துணியை அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.