காப்பாட்சியர் எதைக் காக்கிறார்? மட்டாஞ்சேரி வழியே ஒரு வரலாற்றுக் குறிப்பு

அருங்காட்சியகப் பொறுப்பாளரைத் தமிழில் 'காப்பாட்சியர்' என்பர். அவர் காப்பது செப்புத் திருமேனி, நாணயம், செப்பேடு முதலிய பொருள்களை. 'கியூரேட்டர்' என்னும் சொல்லின் இலத்தீன் வேரோ வெறும் 'அக்கறை' என்றே பொருள்படும். அந்த அக்கறை பொருளின் மீதா, ஆளின் மீதா என்பதை வேர்ச்சொல் வரையறுக்கவில்லை. கேரளச் சிற்பக்கலையின் அண்மை வரலாற்றில் இக்கேள்விக்குத் தனி எடை உண்டு.

1987இல் பரோடாவில் ஒரு கண்காட்சியுடன் இந்திய ராடிக்கல் ஓவியர் சிற்பிகள் சங்கம் வெளிப்பட்டது. உறுப்பினர் பெரும்பாலோர் மலையாளிகள். முன்னின்றவர் சிற்பி கே.பி. கிருஷ்ணகுமார்; திருவனந்தபுரம் அரசு நுண்கலைக் கல்லூரியிலும் சாந்திநிகேதனிலும் பயின்றவர். அறிக்கையை எழுதியவர் கலைவரலாறு கற்ற அனிதா துபே. கலைச்சந்தையை இவர்கள் அடியோடு மறுத்தனர். 1989இல் பம்பாயில் நடந்த சோதபிஸ் ஏலத்தை எதிர்த்துத் துண்டறிக்கையும் விநியோகித்தனர்.

மறுப்பு நியாயமானதே. ஆயினும் ஓவியர் தம் துணியைச் சுருட்டிக்கொண்டு ஊர் மாறலாம். ஆளுயரச் சிற்பம் செய்பவருக்குத் தளமும் வார்ப்புப் பொருளும் தூக்கிச் செல்ல வண்டியும் பிறகு வைக்க இடமும் வேண்டும். சந்தையை விட்டு விலகிய சிற்பிக்கு இவற்றை யார் தருவார்? சங்கத்தில் தோழமை இருந்தது, ஏற்பாடு இல்லை. 1989 டிசம்பரில் கிருஷ்ணகுமார் தற்கொலை செய்துகொண்டார், வயது 31. (அம்மரணத்துக்கு ஒற்றைக் காரணம் தேடுவது வரலாற்று முறையன்று.) சங்கமும் கலைந்தது.

2012 டிசம்பர் 12 அன்று கொச்சி-முசிறிஸ் பினாலே தொடங்கியது. அதன் பெரிய பெயர்களைக் காட்டிலும் இங்குக் கருதத்தக்கது 2014இல் உடன் தோன்றிய மாணவர் பினாலே. இளம் கியூரேட்டர்கள் நாடெங்கும் உள்ள அரசுக் கலைக் கல்லூரிகளுக்குச் சென்று, மாணவரோடு உரையாடி, உருவாகிக்கொண்டிருந்த படைப்புகளை மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளுக்குக் கொண்டுவந்தனர். கிருஷ்ணகுமார் பயின்றதும் அத்தகைய கல்லூரி ஒன்றில்தான். முடிந்த படைப்பைத் தெரிவு செய்வதன்று இப்பணி. முடியாத படைப்பின் அருகில் இருப்பது. குறையும் உண்டு: சில மாதங்களில் கண்காட்சி முடியும், கிடங்கு மீண்டும் கிடங்காகும். மாணவச் சிற்பியின் அடுத்த ஐந்தாண்டுகளுக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

சங்கம் கலைந்தபின் அனிதா துபே சிற்பியானார். தெய்வச் சிலைகளுக்குப் பதிக்கும் பீங்கான் கண்களைக் கொண்டு படைப்புகள் செய்தார். 2018இல், பெருவெள்ளம் வடிந்த நான்காம் மாதத்தில் தொடங்கிய நான்காம் பினாலேயின் கியூரேட்டர் அவரே; அப்பொறுப்புக்கு வந்த முதல் பெண். ஃபோர்ட் கொச்சியின் கப்ரால் யார்டில் அவர் அமைத்த கூடத்தில், அழைக்கப்பட்ட கலைஞர் மட்டுமன்றி வந்தவர் எவரும் பேசலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்.