தோள்சீலைப் பெண்டிரும் வரலாற்றுப் புதினமும்

வரலாற்றுப் புதினம் என்றவுடன் அரசரும் போரும் அரண்மனையுமே மாணவர் நினைவில் எழுகின்றன. சமயத்தின் பெயரால் துன்புற்ற எளிய பெண்டிரின் வாழ்வும் புதினத்திற்கு உரிய பொருளேயாகும்.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் என்னும் கிறித்துவக் குழுவினர், ஆடவரைப் போன்றே பெண்டிரும் இறையுரை ஆற்றலாம் என்றனர். 1656இல் ஆன் ஆஸ்டின், மேரி ஃபிஷர் என்னும் இருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தபோது, அவர்தம் நூல்கள் எரிக்கப்பட்டன. இருவரும் சிறையிடப்பட்டுப் பின் வெளியேற்றப்பட்டனர். 1660இல் மேரி டயர் அந்நகரிலேயே தூக்கிலிடப்பட்டார். எனினும், அவர்தம் எழுத்தை ஒடுக்க இயலவில்லை. பெண்டிரின் பேச்சுரிமையை நிலைநாட்டி மார்கரெட் ஃபெல் சிறையிலிருந்து எழுதிய நூல் 1666இல் வெளிவந்தது.

இத்தகைய கொடுமை தமிழ் மண்ணிலும் நிகழ்ந்ததுண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. அங்கு நாடார் குலப் பெண்டிர் மார்பை மறைத்தல் கூடாது என்பது வழக்கம். கிறித்துவம் தழுவிய பெண்டிர் குப்பாயம் அணிந்தனர், தோள்சீலையும் இட்டனர். அதனைப் பொறாத மேற்சாதியார் 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் அவர்களைத் தாக்கி ஆடையைக் கிழித்தனர். பின்னர் எழுந்த கலகங்களில் பள்ளிகளும் வழிபாட்டு இல்லங்களும் தீக்கிரையாயின. 1829ஆம் ஆண்டு அரசாணை குப்பாயத்தை ஏற்று, தோள்சீலையைத் தடுத்தது. 1858இல் கலகம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் டிரவெல்யன் வற்புறுத்தியதன்பின், 1859 சூலை 26ஆம் நாள் நாடார் பெண்டிர் அனைவரும் மேனியை மறைக்கலாம் என ஆணை பிறந்தது. ஆயினும், மேற்சாதிப் பெண்டிரைப் போல் உடுத்தலாகாது என்னும் தடை அவ்வாணையிலும் எஞ்சி நின்றது.

இவ்விரு வரலாறுகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. குவேக்கர் பெண்டிரைப் பற்றிப் புதினம் எழுதுவோர்க்கு அவர்தம் சொற்களே துணையாகின்றன. தோள்சீலைப் பெண்டிரின் கதையையோ, பெரும்பாலும் அரசாணைகளையும் சமயத் தொண்டர்தம் மடல்களையும் கொண்டே அறிகின்றோம். ஆணையிட்டவர் பெயர் நிலைத்தது. அடிபட்டவள் பெயர் மறைந்தது.

இவ்விடைவெளியை நிரப்பும் உரிமை புதினத்திற்கு உண்டு. ஆண்டையும் ஆணையையும் மாற்றும் உரிமை இல்லை. சந்தையில் சீலை கிழிக்கப்பட்டவள் மறுநாளும் அதே சந்தைக்குச் செல்ல எண்ணினால், அவள் உள்ளத்தில் என்ன நிகழ்ந்திருக்கும்? ஆசிரியர் இவ்வினாவை வகுப்பில் எழுப்புவாராயின், வரலாற்றுப் பாடம் மாணவர் நெஞ்சில் நிலைக்கும். நாளைய புதின ஆசிரியர் ஒருவரும் அங்கிருந்தே தோன்றக்கூடும்.