கிழவியின் கூந்தல் சிவந்த கதை

புனேயின் கோயில் திருவிழாக்களிலும் கணபதி விழாத் தெருக்களிலும் விற்கப்படும் பஞ்சு மிட்டாய்க்கு மராத்தியில் 'ம்ஹாதாரீச்சே கேஸ்' என்று பெயர். அந்நகரில் புழங்கும் இந்தியில் 'புட்டீ கே பால்'. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: கிழவியின் தலைமுடி. எருக்கங்காய் வெடித்துக் காற்றில் மிதக்கும் வெண்பஞ்சு விதையையும் மராத்திக் குழந்தைகள் 'கிழவி' என்றே அழைக்கின்றனர். (தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது தாத்தாப்பூச்சி!) நரைமுடியின் பெயர் தாங்கிய பண்டம் இளஞ்சிவப்பாக இருப்பதுதான் விந்தை. தமிழில் வழங்கும் 'பஞ்சு' என்ற பெயரும் வெண்மையையே சுட்டுகிறது. பெயர்களுக்குப் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது சாயம் என்று கருத இடமுண்டு.

இயந்திரத்தின் அமைப்பும் அதையே சொல்கிறது. நடுவிலுள்ள சூடான கிண்ணத்தில் சர்க்கரை உருகுகிறது. மின் இயந்திரமானால் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் அக்கிண்ணத்தின் நுண்துளைகள் வழியே, மையவிலக்கு விசையால் பாகு வெளியே வீசப்படுகிறது. காற்றுப் பட்டதும், மீண்டும் படிகமாகத் திரள அவகாசமின்றி, முடியினும் மெல்லிய இழைகளாக அது உறைந்துவிடுகிறது. உண்மையில் அது சர்க்கரைக் கண்ணாடி. பொடித்த கண்ணாடி வெளுத்துத் தோன்றுவதுபோல, நிறமற்ற இழைகள் ஒளியைச் சிதறடித்து வெண்மை காட்டுகின்றன. ஈரக்காற்றில் நீரை உறிஞ்சிச் சுருங்குவதால்தான் உறையில் அடைத்து விற்கிறார்கள். இதில் எந்த இடத்திலும் சாயத்துக்கு வேலையில்லை.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1897-இல் இவ்வியந்திரத்தை உருவாக்கியவர்கள் இருவர்: மிட்டாய் செய்பவரான ஜான் வார்ட்டன், பல் மருத்துவரான வில்லியம் மாரிசன். 1899-இல் காப்புரிமை கிடைத்தது. 1904-இல் செயிண்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில், பெட்டி 25 சென்ட் விலையில் 68,655 பெட்டிகள் விற்றன. கண்காட்சியின் நுழைவுக் கட்டணமே 50 சென்ட்தான்.

புனேயில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. மகாராஷ்டிரத்தின் சர்க்கரை ஆணையர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. பிரவராநகரில் 1950-இல் அரவையைத் தொடங்கிய முன்னோடிக் கூட்டுறவு ஆலையை விட்டல்ராவ் விகே பாட்டீலுடன் சேர்ந்து வளர்த்த பொருளியலாளர் த. ரா. காட்கில் புனேயின் கோகலே நிறுவனத்தை வழிநடத்தியவர். ஒரு குச்சி மிட்டாய்க்குத் தேவையான சர்க்கரையோ சில கரண்டிகள்தான்.

அந்தச் சில கரண்டிகளோடு கலந்த சாயம்தான் 2024 பிப்ரவரியில் வினையானது. துணிக்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமைன்-பி ஆய்வில் கண்டறியப்பட்டதும் முதலில் புதுச்சேரியும், பின்னர் 17-ஆம் நாள் தமிழ்நாடும் பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தன. எரித்ரோசின், கார்மோயிசின் என அனுமதிக்கப்பட்ட உணவு நிறமிகள் இருக்கையில், நீரில் எளிதில் கரைந்து பளிச்சிடும் மலிவான துணிச்சாயம் தெருவரை வந்து சேர்ந்திருந்தது. குற்றம் சாயத்தினுடையது, அதை உண்ட குழந்தைகளுக்குக் கேடு, நாள்முழுதும் மணியடித்து நடந்த வியாபாரிக்குப் பிழைப்பிழப்பு. உணவுப் பாதுகாப்புத் துறையின் தரச்சான்று பெற்றால் மீண்டும் விற்கலாம் எனப் புதுச்சேரி அறிவித்தது. கிழவியின் கூந்தலை மறுபடி நரைக்கவிட, இயந்திரத்தில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.