ஊர் பார்க்கப் போனவர்களின் கேமரா

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வங்கி குமாஸ்தாவாக இருந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன், 1877இல் விடுமுறைக்கு சாண்டோ டொமிங்கோ போய்வர நினைத்தார். போகிற இடத்தைப் படமெடுத்து வரலாமே என்று கூட வேலை பார்த்தவர் சொல்ல, கேமரா வாங்கினார். கேமராவோடு செலவும் சுமையும் முடியவில்லை. முக்காலி, கண்ணாடித் தகடுகள், ரசாயனக் குப்பிகள், இருட்டறைக்குப் பதிலாக ஒரு கூடாரம் எல்லாமே வேண்டியிருந்தது. தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவவும் வேண்டும். கடைசியில் அந்தப் பயணம் நடக்கவே இல்லை. ஆனால் ஒரு படத்துக்கு இத்தனை சாமான் எதற்கு என்ற கேள்வி மட்டும் ஈஸ்ட்மனை விடவில்லை.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1888இல், கோடக் கேமரா கடைக்கு வந்தது. விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான பிலிம் சுருள். குறிபார்க்கக் கண்ணாடி கிடையாது. பெட்டியின் மேல் வரைந்திருந்த இரண்டு கோடுகளை வைத்து உத்தேசமாகத் திருப்பிப் பிடிக்க வேண்டியதுதான். எத்தனை படம் எடுத்தோம் என்று கேமரா காட்டாது, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். 100 படமும் முடிந்ததும் கேமராவை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்பினால், 10 டாலருக்கு வட்ட வட்டமான படங்களும் புதுச் சுருள் போட்ட கேமராவும் திரும்பி வரும்.

கழுவுகிற வேலை இப்படித்தான் எடுப்பவர் கையை விட்டுப் போனது. பயணிகளின் கேமரா அதற்குப் பிறகு வளர்ந்த விதமும் இதுவே. தலைமுறைக்கு ஒரு வேலையாக அது மனிதரிடமிருந்து பிடுங்கிக்கொண்டே வந்தது. 1900இல் ஒரு டாலருக்கு வந்த பிரவுனி, பணக்காரர் பொழுதுபோக்கு என்ற பெயரையும் துடைத்தது.

சுமையைக் குறைத்தவர் ஜெர்மனியின் வெட்ஸ்லார் ஊரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக். ஆஸ்துமா நோயாளியான அவருக்குப் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு நடப்பதே பாடு. சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மி.மீ. பிலிமை எடுத்து, ஒரு படத்துக்கு 24 × 36 மி.மீ. அளவு வைத்து, உள்ளங்கையில் அடங்கும் மாதிரிக் கேமராவைச் செய்தார். 1914இல் முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ் அமெரிக்கா போனபோது அந்த மாதிரிகளில் ஒன்று கூடவே போனது. நியூயார்க் தெருக்களை அதில் எடுத்து வந்தார். சட்டைப்பைக் கேமராவோடு ஒருவர் வெளிநாட்டு நகரத்தைச் சுற்றியதற்கு இது ஒரு முந்தைய உதாரணம். உலகப்போர் குறுக்கிட்டதால் லைக்கா என்ற பெயரில் அது 1925இல்தான் விற்பனைக்கு வந்தது. அப்போதும் நல்ல வசதியுள்ளவர்களுக்கே கட்டுப்படியானது.

விலையும் எட்டுகிற சிறிய கேமரா ஒன்று ஜப்பானில் பிறந்தது. ஒலிம்பஸ் நிறுவனத்தில் 1956இல் சேர்ந்த யோஷிஹிசா மைட்டானி என்ற இளைஞருக்கு, சொந்தமாக ஒரு கேமரா வடிவமைக்கும் வாய்ப்பு கிடைத்தது. 6,000 யென்னுக்கு விற்க வேண்டும் என்று அவரே இலக்கு வைத்துக்கொண்டார். லென்ஸில் கை வைக்க மனமில்லாமல் பணத்தில் பெரும்பகுதியை அதற்கே செலவழித்துவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்தார். பிலிமை நகர்த்த நெம்புகோல் வைக்காமல், முதுகுப் பக்கம் கட்டைவிரலால் உருட்டும் ஒரு பல்சக்கரத்தோடு நிறுத்தினார். 1959இல் பென் வெளிவந்தது. பேனாவைப்போல எந்நேரமும் பையில் இருக்க வேண்டும் என்பதே பெயருக்குக் காரணம்.

பென்னின் சூட்சுமம் அரை ஃபிரேம். வழக்கமான ஒரு படத்தின் இடத்தில் இது இரண்டு எடுக்கும். 36 படச் சுருளில் 72 தேறும். கேமராவைச் சாதாரணமாகப் பிடித்தாலே படம் நின்ற வாக்கில் விழும் என்பதால், கோபுரத்துக்கும் மாடிக் கட்டடத்துக்கும் அதன் முன் நிற்கும் ஆளுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. 1961இல் வந்த பென் ஈஈ, ஒளியளவைத் தானே பார்த்துக்கொண்டது.

1964 ஏப்ரலில் ஜப்பானியர் சுற்றுலாவுக்காக வெளிநாடு போக அரசு அனுமதித்தது. ஆண்டுக்கு ஒரு பயணம், கையில் 500 டாலர் என்று வரம்பு. கழுத்தில் கேமராவோடு கூட்டமாக இறங்கும் ஜப்பானியப் பயணி என்ற சித்திரம் அதற்குப் பிறகு வந்ததுதான். பெயரிலேயே பயணத்தை வைத்துக்கொண்டு ஒலிம்பஸ் டிரிப் 35 வந்ததும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான். 1984 வரை அது உற்பத்தியில் இருந்தது.

சுமார் 400 கிராம் எடையுள்ள டிரிப்பைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதன் புத்திசாலித்தனம் புரியும். லென்ஸைச் சுற்றித் தேன்கூடுபோல மினுங்கும் வளையம் ஒரு செலீனியம் செல். விழும் வெளிச்சத்தையே மின்சாரமாக்கிக்கொள்வதால் பேட்டரியே வேண்டாம். தூரத்துக்கு எண்களைப் பார்க்கத் தேவையில்லை. ஓர் ஆள், இரண்டு பேர், கூட்டம், மலை என்று நான்கு சின்னப் படங்கள் உண்டு. வேண்டியதற்கு நேராக வளையத்தைத் திருப்பினால் போதும். ஷட்டர் வேகங்கள் இரண்டே: நொடியில் 40இல் ஒரு பங்கு, 200இல் ஒரு பங்கு. எதைத் தேர்வது என்று அதுவே முடிவு செய்யும். வெளிச்சம் பற்றாவிட்டால் பார்வைக் கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு நாக்கு எழும்பும், பொத்தான் அமுங்காது. பிலிம் வீணாகாது.

மிச்சமிருந்தது ஃபோகஸ். 1977இல் கோனிகா சி35 ஏஎஃப் அதையும் எடுத்துக்கொண்டது. தானே ஃபோகஸ் செய்து பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் கேமரா அதுதான்.

தமிழ்நாட்டுக்கு இந்த வசதிகள் மெதுவாகவே வந்தன. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டுக் கேமரா என்றால் பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III. சுருளுக்கு 12 சதுரப் படங்கள். ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், இண்டு என்ற பெயரில் கறுப்பு-வெள்ளைச் சுருள்களைத் தந்தது. சிங்கப்பூர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் பெட்டியிலும் சென்னை பர்மா பஜார் கடைகளிலும் ஜப்பான் கேமராக்கள் எட்டிப் பார்த்தன. பிறகு யாஷிகா எம்எஃப்-2 நடுத்தரக் குடும்பங்களின் கேமராவானது. இரண்டு நாள் மகாபலிபுரம், மெரினா என்று போனால் ஒரு ரோல்தான். குடும்பத்தில் யார் யாருக்கு எத்தனை படம் என்று முதலிலேயே பேசி வைப்பார்கள். தொடக்கத்தில் பிலிமைச் சிக்கனமாக மாட்டினால் 36க்கு மேல் ஒன்றிரண்டு கூடுதலாகக் கிடைக்கும். ரோல் பாதியில் நின்றால் அடுத்த விசேஷம் வரை கழுவக் கொடுக்க மாட்டார்கள். அதனால் ஒரே நெகடிவ் சுருளில் கடற்கரைக் கோயிலும் மூன்று மாதம் கழித்து வந்த பிறந்தநாள் கேக்கும் அடுத்தடுத்து இருக்கும்.

அந்தக் கணக்கு டிஜிட்டலோடு முடிந்தது. 1995இல் கேசியோ க்யூவி-10, எடுத்த படத்தை அங்கேயே திரையில் காட்டிவிட்டது. 2010இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின, அவற்றில் பெரும்பாலானவை சிறு கேமராக்கள். 2023இல் எல்லா வகையும் சேர்ந்து 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மிச்சத்தைக் கைப்பேசி தின்றுவிட்டது. ஆனாலும் பெண்டாக்ஸ் நிறுவனம் 2024இல் ஒரு புதிய பிலிம் கேமராவை வெளியிட்டது. அரை ஃபிரேம், 36 சுருளுக்கு 72 படம், தூரத்துக்குச் சின்னப் படங்கள் என்று எல்லாம் மைட்டானி காலத்து ஏற்பாடுதான்.

வீட்டுப் பரணில் பழைய டிரிப் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட வேண்டாம். தானியங்கி நிலையில் வைத்து, லென்ஸைக் கையால் மூடிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சிவப்பு நாக்கு எழும்ப வேண்டும். பிறகு வெயிலில் அழுத்துங்கள். நாக்கு எழும்பாமல் ஷட்டர் விழுந்தால் செல் உயிரோடு இருக்கிறது. ஒரு ரோல் வாங்கிப் போட்டுவிடலாம்.